முரசு தெரியும் சிரிப்பு

என் தங்கச்சி சிரித்தால் முதலில் தெரிவது அவளுடைய வலது கைதான். சிரிப்பு வரும் முன்னமே கை வாய்க்குப் போய்விடும். மேல் ஈறு, எங்கள் பேச்சில் முரசு, அவளுக்குப் பல்லை மூடிக் கீழே இறங்கியிருந்தது. வாய்விட்டுச் சிரித்தால் பல்லைவிட முரசுதான் கூடத் தெரியும். கலியாண அல்பத்திலும் உதட்டை இறுக்கிக்கொண்டு, யாரோ அதட்டி இருத்திவிட்ட மாதிரி இருக்கிறாள்.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். "உன்னைப் பொத்தப் பழக்கினது எந்த மூதேவி? ஆரெண்டு சொல்லு, வாசலில நிண்டு கிழிச்சுப்போட்டு வாறன்" என்று எத்தனையோ தரம் குதித்திருக்கிறேன். "விடுங்கோ அக்கா" என்று கதையை மாற்றிவிடுவாள்.

போன வருடம் ஒரு நாள் அவளுடைய நாலு வயது மகள் டிவி பார்த்துச் சிரித்தபோது, அந்தச் சின்னக் கையும் வாயைப் பொத்தியது. பிள்ளையின் பல்லில் ஒரு குறையும் இல்லை. தாயைப் பார்த்துப் பழகியிருக்கிறது. தங்கச்சி அந்தக் கையைப் பிடித்து மெல்லக் கீழே இறக்கிவிட்டாள். பிறகு, "அக்கா, முரசைச் சரிப்பண்ணுற டொக்டரிட்ட என்னைக் கூட்டிக்கொண்டு போங்கோ. இவளுக்கு இந்தப் பழக்கம் வரக்கூடாது" என்றாள்.

டவுனில் ஒரு பல் டொக்டர், எங்களைவிட வயது குறைந்த பெண். மெல்லிய கம்பியால் ஒவ்வொரு பல்லடியிலும் அளந்தார். எக்ஸ்ரேயையும் பார்த்துவிட்டு, "உங்கட பல்லு கட்டையில்லை. முரசுக்குள்ள ஒளிச்சிருக்கு. எலும்பைத் தொடத் தேவையில்லை, மேலால எடுத்தாப் போதும்" என்றார். அளவு குறிக்க வாய்விட்டுச் சிரிக்கச் சொன்னார். அவளுக்கு ஏலவில்லை. கை தானாக மேலே வந்தது.

"எப்ப தொடங்கின பழக்கம்?"

"பத்து வயசில, டொக்டர். பள்ளிக்கூடத்தில குறூப் படம் எடுக்கேக்க, 'முரசைக் காட்டாத, வெக்கமாக் கிடக்கு' எண்டு ஒராள் சொன்னவ."

யாரென்று சொல்லவில்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை. ஐயோ! அந்த வருடம் மாணவத் தலைவி நான். வரிசையைச் சரிபார்த்துக்கொண்டு வந்து அவள் காதுக்குள் அதைச் சொன்னவள் நான்தான். சொன்ன கையோடு மறந்தும் போனேன். இருபத்தைந்து வருடமாக நான் திட்டத் திட்ட, இவள் என்னைக் காட்டிக் கொடுக்காமல் இருந்திருக்கிறாள். எனக்கென்றால் அந்த மனசு ஒரு நாளும் வராது.

"அந்த மூதேவி நான்தான் டொக்டர். இவ்வளவு காலமும் என்னை நானே ஏசிக்கொண்டு திரிஞ்சிருக்கிறன்" என்றேன், அழுகை முட்ட.

தங்கச்சி வெடித்துச் சிரித்துவிட்டாள். டொக்டர் சட்டென்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பிடியே இருங்கோ!" என்று அளவைக் குறித்தார்.

அடுத்த கிழமை ஊசி போட்டு விறைக்கப் பண்ணி, லேசரால் முரசை ஒதுக்கினார். லேசாகத் தீய்ந்த மணம் வந்தது. நடுவில் நிறுத்திக் கண்ணாடியைக் கொடுத்து, இரண்டு பக்கமும் ஒத்திருக்கிறதா என்று அவளிடமே கேட்டார். அந்தப் பொறுமைக்குக் கும்பிடு போடலாம்.

உடம்பில் கத்தி பட்டால் சரக்குக் கறி என்பது எங்கள் வீடுகளின் சட்டம். தங்கச்சியின் மாமியார் மிளகும் உள்ளியும் அரைத்துக் காய்ச்சிய மீன்கறியோடு இறக்கக்கண்டியிலிருந்து வந்து இறங்கினார். "காயம் ஆற வேண்டாமே பிள்ளை?"

"உறைப்பும் சூடும் தொடக்கூடாது எண்டு டொக்டர் சொன்னவ, மாமி."

"அப்ப அக்கா குடிக்கட்டும்" என்று சட்டியை என் பக்கம் தள்ளினார். கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் வழிய முழுவதையும் குடித்தேன். எனக்கு அது வேண்டியதுதான்.

முரசு வடிவாக ஆறியது. கை மட்டும் பழையபடி மேலே போய்க்கொண்டிருந்தது. "பழகினது போகாது போல, அக்கா" என்று கவலைப்பட்டாள்.

ஒரு சனிக்கிழமை அவளையும் மகளையும் கூட்டிக்கொண்டு மீன் கடைக்குப் போனேன். அவளுடைய இரண்டு கையிலும் மரக்கறிப் பை. நான் ஒரு பாரையின் செவுளைத் தூக்கிப் பார்த்து, வெளிறிப் போச்சு, ஐஸில் கிடந்தது என்று அடுக்கிக்கொண்டே போனேன்.

மீன்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "அக்கா, அது செத்துப்போச்சு. ஏசினாலும் கேக்காது" என்றார்.

தங்கச்சி சிரித்தாள். பைகளைத் தூக்கியபடியே, கடைவாய்ப் பல் வரை தெரிய, கடையே திரும்பிப் பார்க்கச் சிரித்தாள். பிள்ளை அண்ணாந்து தாயின் வாயைப் பார்த்தது. பார்த்துவிட்டு அதுவும் சிரித்தது. அதன் இரண்டு கையும் சும்மாதான் தொங்கிக்கொண்டிருந்தன.