வெளிச்சத்துக்கு முகம் காட்டாத பொம்மை

பாலிடெக்னிக் கடைசி செமஸ்டரில் எனக்கும் என் தோழிக்கும் கிடைத்த புராஜெக்ட், வெளிச்சம் வரும் பக்கம் தானாகத் திரும்பும் கருவி. இரண்டு லைட் சென்சார், ஒரு சின்ன மோட்டார், ஒரு கன்ட்ரோல் போர்டு. எந்த சென்சாரில் வெளிச்சம் அதிகம் விழுகிறதோ அந்தப் பக்கம் மோட்டார் திரும்ப வேண்டும். இரண்டிலும் சமமாக விழுந்தால் நின்றுவிட வேண்டும். சூரியகாந்திப் பூ சம்பளம் வாங்காமல் செய்கிற வேலைதான்.

இரண்டு சென்சாருக்கும் நடுவில் ஒரு தடுப்பு வேண்டும். அதன் நிழல் ஒன்றின் மேல் விழுந்தால்தான் கருவிக்கு எந்தப் பக்கம் என்று தெரியும். தோழி அந்த அட்டைத் தடுப்பைப் பார்த்ததும், "மூக்குடி இது" என்றாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். தெர்மகோலில் முகம் வெட்டி, சென்சார்களைக் கண்ணாகப் பதித்து, சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால் வாய் வரைந்து, பொட்டும் வைத்துவிட்டாள். புராஜெக்டா கொலுவா என்று நான் சிடுசிடுத்தேன். எனக்கு வந்த பயம் அவளுக்கு ஏன் வரவில்லை என்பதுதான் என் எரிச்சல். பெங்களூரில் ஒரு கம்பெனி அவளைத் தேர்ந்தெடுத்திருந்தது. இந்த செமஸ்டரில் பாஸ் ஆனால்தான் சேர்த்துக்கொள்வார்கள். புராஜெக்டில் கோட்டை விட்டால் அந்த வேலை இன்னொருத்திக்குப் போய்விடும்.

கருவியைச் சோதித்துப் பார்க்க இருட்டு வேண்டும். தங்கச் சுரங்க ஊரான கோரமண்டலில், தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய எங்கள் லைன் வீட்டுக்கு ஜன்னல் ஒன்றே ஒன்று. அதில் போர்வையைத் தொங்கவிட்டால் பட்டப்பகலிலும் இருட்டுதான். ஆனால் பொம்மை எங்கள் லேப்டாப் வெளிச்சத்தையே ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்தது. வேறு வழியில்லாமல் லேப்டாப்போடு நாங்கள் இருவரும் ஒரு பெட்ஷீட்டுக்குள் புகுந்துகொண்டோம். டார்ச் பிடிக்க ஆள் வேண்டுமே? அப்பாவுக்கு அன்று வீக்லி ஆஃப். மைன்ஸ் மூடும்வரை ஷாஃப்டில் இறங்கியவர், இப்போது பெங்களூரில் செக்யூரிட்டி.

"இன்னா பாப்பா, பொம்ம மூஞ்சில டார்ச் அடிக்கணும், அவ்ளோதானே?"

"அவ்ளோதாம்பா. நேரா அடி. கைய ஆட்டாத."

"நான் ஏன் ஆட்டறேன்?"

உள்ளே வேர்த்து ஊற்றியது. "திரும்புச்சாப்பா?" என்று கத்தினேன்.

"திரும்புச்சு. என்னியே பாக்குது."

எங்களுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அடுத்த நொடி, "போயிடுச்சு" என்றார்.

"எங்க போயிடுச்சு?"

"செவுத்த பாக்குது. இரு, வந்துடுச்சு. அய்ய, மறுபடியும் போயிடுச்சு."

தோழி பெட்ஷீட் ஓரத்தைத் தூக்கி ஒற்றைக் கண்ணால் பார்த்தாள். பொம்மையின் பின்னந்தலை மட்டும் தெரிந்தது. சோறு வேண்டாம் என்கிற குழந்தையைப் போல அது இப்படியும் அப்படியும் தலையாட்டிக்கொண்டிருந்தது. "அங்கிள், நீங்க கைய ஆட்டுறீங்களா?" என்று கேட்டாள். "இன்னா பேச்சும்மா இது? செல மாதிரி நிக்கறேன்!" என்று அப்பாவுக்குக் கோபமே வந்துவிட்டது.

அவர் பொய் சொல்லமாட்டார். அப்படியானால் தப்பு எங்களுடையது. "கண்ணு வயர் ரெண்டும் மாறிக் கீதுடி" என்று தோழி தீர்ப்புச் சொல்லி, இரண்டையும் பிடுங்கி இடம் மாற்றிச் செருகினாள்.

"இப்போ எப்பிடி அங்கிள்?"

"ஒரு தபா திரும்புச்சு. அப்பால அசையவே இல்ல. சமத்தா நிக்குது."

பெட்ஷீட்டுக்குள்ளேயே கட்டிப்பிடித்துக்கொண்டோம். எந்தப் பக்கம் திரும்பியது என்று நாங்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஓடுகிற வண்டியை நோண்டக்கூடாது என்பது என் கொள்கை. உடனே மூட்டை கட்டிவிட்டேன்.

மறுநாள் இருட்டாக்கிய லேபில் வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர் மேடம் செல்போன் டார்ச்சைப் போட்டார். பொம்மை வெடுக்கென்று முகத்தைத் திருப்பிக்கொண்டது. மேடம் அந்தப் பக்கம் போனார். அது இந்தப் பக்கம் திரும்பிக்கொண்டது. மேடம் மேஜையைச் சுற்றிச் சுற்றி வந்தார். பொட்டு வைத்த அந்த மூஞ்சி, சண்டைபோட்ட நாத்தனாரைக் கல்யாண வீட்டில் பார்த்ததுபோல விலகிக்கொண்டே இருந்தது. வகுப்பு மொத்தமும் சிரித்தது. தோழி சிரிக்கவில்லை.

"வயர் உல்டா மேடம், ஒரே நிமிஷம்" என்று சொல்லிவிட்டு வயர்களைப் பழையபடி மாற்றினாள். "சரி, நீயே தோர்ஸம்மா" என்று கன்னடத்தில் காட்டச் சொல்லி மேடம் போனை அவளிடம் கொடுத்தார். தோழி வெளிச்சம் அடித்தாள். பொம்மை அழகாகத் திரும்பி அவளை நேருக்கு நேர் பார்த்தது. பார்த்ததுதான் தாமதம், அவள் கை தானாகச் சுவர்ப்பக்கம் சாய்ந்தது. பொம்மையும் சுவரைப் பார்த்தது. முகம் விலகியதும் கை திரும்ப வந்தது, பொம்மை வந்தது. கை போனது, பொம்மை போனது.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. சுரங்கத்தில் லைட் தலையில் இருக்கும். அந்தக் கும்மிருட்டில் எதிரே நிற்பவன் முகத்தில் வெளிச்சம் அடித்தால் அவனுக்குக் கொஞ்ச நேரம் கண்ணே தெரியாது. அதனால் ஆள் எதிரே வந்தால் லைட்டை ஒதுக்கிவிட வேண்டும். அப்பா இன்றும் மனிதர்களின் தோளைப் பார்த்துத்தான் பேசுவார். அவளும் நானும் வளர்ந்த லைனில் கரண்ட் போனால் எந்த டார்ச்சும் யார் முகத்துக்கும் ஏறாது. கை ஒதுங்குவது பிடித்திருப்பவருக்கே தெரியாது.

"ஆட்டாதடி, வேல போயிடும்" என்று அவள் கையிலிருந்து போனைப் பிடுங்கி நான் அடித்தேன். பொம்மை என்னைப் பார்த்தது. பொட்டும் வாயுமாக, இரண்டு கண்ணாலும் பார்த்தது. சத்தியமாகச் சொல்கிறேன், நான் கையை ஆட்டவே இல்லை. ஆனால் பொம்மை ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றது.

மேடம் பொறுமை இழந்து போனை வாங்கினார். நேராகப் பொம்மையின் மூஞ்சியில் அடித்தார். அவர் எங்கள் ஊர்க்காரர் இல்லை. கை கல்லாக நின்றது. பொம்மையும் அவரையே பார்த்து நின்றது. அவர் நகர நகர அதுவும் கூடவே திரும்பியது. இதற்குத்தானே இத்தனை பாடு! மேடம் ஒரு கையில் டார்ச்சைப் பிடித்தபடி மறு கையால் பேனாவை எடுத்தார். பேனா காகிதத்தைத் தொடவில்லை. அதற்குள் என் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"மேடம், போதும் மேடம். பாவம், மூஞ்சில அடிக்காதீங்க."

அவள் காலை ஓங்கி மிதித்தேன். மேடம் நிமிர்ந்து அவளைப் பார்த்தார், பொம்மையைப் பார்த்தார். பிறகு என்ன தோன்றியதோ, டார்ச்சைத் தரைப்பக்கம் இறக்கிவிட்டு, அந்த வெளிச்சத்தில் பாஸ் என்று எழுதினார்.