நம்ம பக்கம் திருப்பாத ஏரியல்

போன வருடம் எங்கள் வீட்டுக் கூரையிலிருந்து டீவி ஏரியலை இறக்கினோம். ஜொகூரில், தம்போயில் இந்த வரிசை வீட்டை வாங்கிய புதிதில் நானே ஏறி நட்டது. மைனாக்கள் உட்கார்ந்து உட்கார்ந்து, ஒரு பக்கம் சாய்ந்து, காது கேளாத ஆள் தலையைச் சாய்த்துக் கேட்பதுபோல நின்றுகொண்டிருந்தது. பல வருடமாக அதிலிருந்து டீவிக்கு ஒயரே இல்லை என்பது வேறு விஷயம்.

இறக்கச் சொன்னது மகள். சிங்கப்பூரில் வேலை. விடியுமுன் பாலம் தாண்டிப் போகிறவள், ஞாயிற்றுக்கிழமைதான் முகம் பார்த்துப் பேசுவாள். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, "அப்பா, பழைய டீவி ஸ்டேஷன் எல்லாம் ஒண்ணா சேந்து ஆப் ஒண்ணு தொறந்திருக்காங்களாம். மாசா மாசம் கட்டணும். ஒங்க காலத்து ப்ரோக்ராம் எல்லாம் அதுல இருக்காம்" என்றாள்.

"அதெல்லாம் சும்மா வந்ததும்மா. கூரையில கம்பிய நட்டா காத்துல வந்து வுழும். அதுக்குப் போயி காசா?"

"சும்மா வந்தப்ப நீங்க புடிச்சி வச்சீங்களா? அவங்க வச்சிருக்காங்க. அதான் காசு. கூரையில கெடக்குற ஏரியல எறக்கிப் போடுங்க."

உங்களிடம் மறைப்பானேன், எனக்கு அந்தப் பழைய சரக்கில் ஒன்றே ஒன்று வேண்டியிருந்தது. என் அப்பாவின் குரல். அவர் என்னைப் பற்றிச் சொன்ன ஏதோ ஒரு பேச்சு. அதைக் கேட்டுவிட்டதாக அவரிடமே பொய் சொன்னவன் நான்.

இறக்கிய கம்பத்தை வாசலில் போட்டுவிட்டு உள்ளங்கையை முகர்ந்தேன். துரு வாடை. அந்த வாடைக்கு எனக்கு ஒரே விலாசம்தான்: பத்து பாகாட் டவுன், காதர் நானாவின் சாப்பாட்டுக் கடை, பின்கட்டு.

இருபது வயதில் பத்து பாகாட்டில் ஒரு நூல் ஆலையில் வேலைக்குச் சேர்ந்தேன். வேலை முடிந்து வெளியே வந்தால் தலையிலும் புருவத்திலும் பஞ்சு ஒட்டியிருக்கும். "வாங்க தாத்தா" என்று நானா கிண்டல் செய்வார். முழங்கை வரை பால் மணக்க டீ ஆற்றியபடி, கடைக்கு வருகிற ஒவ்வொருவரையும் ஒரு பேச்சாவது பேசாமல் விடமாட்டார். அவர் கடையில் மூன்று வேளையும் கணக்கு வைத்துச் சாப்பிட்ட ஆலைப் பையன்கள் நாங்கள்.

கடையில் ஒரு டீவி. அதைப் பற்றி நானா சொல்வதுதான் எனக்குப் பிடிக்கும்: "டீவிக்கு மூஞ்சி இங்க, மூளை கூரையில." அந்த மூளையைத் திருப்புவது ஒரு தனி வித்தை. ஜொகூர்க்காரர்களுக்கு இது புரியும். மற்ற ஊர்க்காரர்களுக்குச் சொல்கிறேன். எங்களுக்குக் காற்றில் இரண்டு நாடு வரும். ஏரியலை ஒரு பக்கம் திருப்பினால் நம் நாட்டு நிலையம், இன்னொரு பக்கம் திருப்பினால் சிங்கப்பூர். இரண்டும் ஒரே நேரத்தில் தெளிவாக வராது. ஆகவே பின்கட்டில் ஒருவர் கம்பத்தைப் பிடித்துத் திருப்ப, அடுப்படி வாசலில் ஒருவர் நின்று செய்தி கொண்டுபோக, டீவி முன்னால் இருப்பவர்கள் கத்துவார்கள்.

"வருது, வருது!"

"இன்னும் கொஞ்சம்!"

"அலமாக், போச்சி! பழைய எடத்துக்கே வா!"

மழை நாளில் கம்பத்தைப் பிடித்தவர் நனைந்து நிற்க, உள்ளே படம் தெளிவானதும் அவரை எல்லோரும் மறந்துவிடுவார்கள். நானும் பலமுறை அப்படி நின்றிருக்கிறேன். அந்தக் கடையில் நன்றி என்று யாரும் சொன்னதில்லை. கையில் துருவும் ஒரு ஓசி டீயும்தான் கூலி.

அந்தக் கடையில் எனக்கு ஒரு பட்டப்பெயர் இருந்தது. கிராணி. அது வந்த கதையைச் சொல்ல இன்றைக்கும் எனக்குக் கூச்சம்தான்.

என்னோடு ஒரே அறையில் தங்கியிருந்தவன் சேகர். மூவார்க்காரன், வாத்தியார் மகன். சேர்ந்த முதல் வாரம், நானா கடையில் நாலு பேர் முன்னால், "ஒங்கப்பா என்னா வேல?" என்றான்.

"தோட்டத்துல."

"தோட்டத்துல என்னா?"

என் அப்பா பெக்கோக் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டுகிறவர், அதாவது பட்டையைச் சீவிப் பால் இறக்குகிறவர். இருட்டில் நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு மலைக்குப் போய், மதியம் ஒட்டுப்பால் வாடையோடு திரும்புகிறவர். இதைச் சொல்ல எத்தனை வார்த்தை வேண்டும்? ஆனால் என் நாக்கு, "கிராணி" என்றது. தோட்டத்து ஆபீசில் பேனா பிடிக்கிற குமாஸ்தாவைத்தான் கிராணி என்போம். வெள்ளைச் சட்டை, தனி வீடு, மரியாதை. அப்பா வருடக்கணக்காக யார் முன்னால் கையைக் கட்டி நின்றாரோ, அந்த ஆளை ஒரு நொடியில் எனக்குத் தகப்பனாக்கிவிட்டேன்.

அன்றிலிருந்து நானா, "வாங்க கிராணி, பசியாறுங்க" என்பார். அவர் பாசத்தோடுதான் கூப்பிட்டார். எனக்குத்தான் ஒவ்வொரு தடவையும் அது வசவாகக் கேட்டது.

அந்த வருடம் ஒரு மாதக் கடைசியில் யோங் பெங்கில் பஸ் மாறி ஊருக்குப் போனபோது, வாசலிலேயே அம்மா பிடித்துக்கொண்டார். "டேய், ஒங்கப்பன டீவிக்காரன் படம் புடிச்சிட்டுப் போயிருக்கான்டா!"

தோட்டத் தொழிலாளர் பற்றித் தமிழ் நிகழ்ச்சி ஒன்றுக்காகக் கேமராவோடு வந்திருக்கிறார்கள். வேலையை மேற்பார்க்கும் மண்டோர் அப்பாவைக் கைகாட்டியிருக்கிறார். காரணம், அப்பா மரத்துக்கு வலிக்காமல் பட்டை சீவுவார் என்று பெயர்.

"தீவாளிச் சட்டையப் போட்டுகிட்டு மரம் வெட்டப் போனாருடா மனுசன்! பாலு சட்டையில வுழுந்து கறை ஆயிருச்சி. நான் ஒண்ணும் சொல்லல. சொல்லவா முடியும், ஸ்டாராச்சே!" அம்மாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"பேசுனாராம்மா?"

"அதத்தான் கேளு. ஒங்கப்பன் வாயத் தொறக்கணும்னா பல் டாக்டருதான் வரணும். அந்த மனுசன் மைக்குப் புடிச்சவன்கிட்ட நிக்காம பேசுறாரு. எங்கள எல்லாம் சத்தம் வரக்கூடாதுன்னு தூரமா நிறுத்திட்டாங்க. கைய ஆட்டுறாரு, சிரிக்கிறாரு. இருவது வருசமா என்கிட்ட பேசுனத எல்லாம் சேத்தாலும் அவ்வளவு இருக்காது."

அப்பாவிடம் என்ன பேசினீர்கள் என்று கேட்டேன். வெற்றிலையை மடித்தபடி, "ஒன்னப் பத்தியும் சொல்லியிருக்கேன். வர்ற வியாழக்கெழம ஆறரைக்கு வருமாம். பாத்துக்க" என்றார். முகத்தில் ஒரு வெட்கம். அதை அதற்குமுன் நான் கண்டதில்லை.

வியாழக்கிழமை ஆறு மணிக்கே நானா கடையில் போய் உட்கார்ந்துவிட்டேன். டீவியில் சிங்கப்பூர் ஓடிக்கொண்டிருந்தது. ஏதோ நாடகம். கடை நிறைய ஆட்கள். பக்கத்தில் சேகர். எழுந்து பின்கட்டுக்குப் போய்க் கம்பத்தைப் பிடித்தால் போதும். ஆனால் திரையில் என் அப்பா வருவார். நெற்றியில் விளக்கு, கையில் வெட்டுக்கத்தி, கீழே அவர் பெயர். என் அடையாள அட்டையில் என் பெயரை ஒட்டி இருக்கிற அதே பெயர்.

ஆறரைக்கு ஐந்து நிமிடம். நானா கல்லாவிலிருந்து குரல் கொடுத்தார். "இந்நேரம் நம்ம பக்கம் தமிழ் நிகழ்ச்சி வரும். யாருக்காச்சும் பாக்கணுமா? திருப்பச் சொல்லவா?"

"வேணாம் நானா, தோட்டத்தக் காட்டி அழ வைப்பாங்க" என்றான் சேகர். எல்லோரும் சிரித்தார்கள்.

நானும் சிரித்தேன்.

"என்னா கிராணி, டீ ஆறுது?" என்றார் நானா. குனிந்து பார்த்தேன். டீயின் மேல் ஆடை படிந்திருந்தது. ஏழு மணி வரை அந்த ஆடையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நாடகத்தில் என்ன நடந்தது என்று கேட்டால் இன்றுவரை எனக்குத் தெரியாது.

அடுத்த முறை ஊருக்குப் போனபோது அப்பா வாசலில் குந்தி வெட்டுக்கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். நான் பையை வைக்கவில்லை, தண்ணீர் குடிக்கவில்லை. அதற்குள் கேட்டார்.

"வியாழக்கெழம பாத்தியா?"

"பாத்தேம்பா. கடையில எல்லாரும் பாத்தாங்க."

"நான் பேசுனது கேட்டிச்சா?"

"கணீர்னு கேட்டிச்சிப்பா."

கல்லில் கத்தி நின்றது. அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "அங்க கேட்டிச்சா? இங்க தோட்டத்து மண்டபத்து டீவியில என்னான்னா..." என்று ஆரம்பித்தார்.

"நீ சும்மா இரு. அவன் கேட்டுட்டானாம்ல" என்றார் அப்பா. என்னைச் சற்று நேரம் பார்த்தார். "அப்ப சரி."

மறுபடி கத்தி கல்லில் ஓடத் தொடங்கியது. தோட்டத்து மோட்டார் நின்று மின்சாரம் போயிருக்கும், அம்மா அதைத்தான் குறை சொல்ல வந்தார் என்று நினைத்துக்கொண்டேன். தப்பித்த நிம்மதியில் சோறு இரண்டு மடங்கு இறங்கியது. அப்படிப்பட்ட வயது.

நாலைந்து வருடத்தில் அப்பா போய்விட்டார். நெஞ்சு வலி, மரத்தடியிலேயே. அம்மாவும் வெகுநாள் இருக்கவில்லை. அப்பா என்னைப் பற்றிச் சொன்னதைப் பிறகு அம்மாவிடமாவது சொன்னாரா என்று கேட்கும் தைரியம் கடைசிவரை வரவில்லை. கேட்டுவிட்டதாகச் சொன்னவன் எந்த வாயோடு மறுபடி கேட்பான்? அப்பாவின் புகைப்படம் இரண்டு இருக்கிறது. குரல் எதிலும் இல்லை. எங்கள் வீட்டில் டேப் ரெக்கார்டர் வந்தது அவர் போன பிறகு.

ஆகவே மகள் அந்தச் செயலியை டீவியில் போட்டுக் கொடுத்ததும் தேட ஆரம்பித்தேன். நிகழ்ச்சியின் பெயர் இருந்தது. வரிசையாக நூற்றுக்கணக்கில் பகுதிகள். எதில் என்ன என்ற விவரம் இல்லை. ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கோயில் திருவிழா, தையல் வகுப்பு, தமிழ்ப்பள்ளி விளையாட்டு. யார் யார் வீட்டு அப்பாக்களோ வந்தார்கள், பேசினார்கள், போனார்கள். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை, மகள் பக்கத்தில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருக்கும்போது, ரப்பர் மரங்கள் வந்தன. பிறகு தீபாவளிச் சட்டை. இடது பக்கம் பால் கறை.

"யாருப்பா அது?"

"ஒன் தாத்தா."

அவள் அவரைப் பார்த்ததே இல்லை. ரொட்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

அப்பா பேசினார். உதடு அசைந்தது, கை ஆடியது, அம்மா சொன்னதுபோலவே சிரித்தார். ஆனால் கேட்டது அவர் குரல் அல்ல. வீணை ஓசைக்கு நடுவே ஓர் அறிவிப்பாளரின் கனத்த குரல். "கதிரவன் எழுமுன்னே எழுகின்றனர் இவர்கள். உழைப்பே இவர்தம் உயிர்மூச்சு..." அப்பா பேசப் பேச, அந்தக் குரல் அவர்மேல் ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு வார்த்தைகூட வெளியே விடவில்லை. ஓரிடத்தில் அப்பா இடுப்பளவில் உள்ளங்கையை வைத்துக் காட்டினார். பிறகு அதை மெல்ல உயர்த்தித் தன் தலைக்கும் மேலே கொண்டுபோனார். அண்ணாந்து அந்தக் கையைப் பார்த்துச் சிரித்தார். நான் அப்பாவைவிட அரை அடி உயரம்.

சத்தத்தைக் கூட்டினேன். வீணைதான் அதிர்ந்தது.

"அப்பா, அவ்வளவுதான் சத்தம். அதுக்கு மேல இல்ல" என்று மகள் ரிமோட்டை வாங்கினாள். "என்னா சொல்றாருப்பா தாத்தா?"

"தெரியலம்மா. கேக்கல."

சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. இதே நிகழ்ச்சியை, இதே வீணையோடு, அன்று தோட்டத்து மண்டபத்தில் அப்பா பார்த்திருக்கிறார். அம்மா சொல்ல வந்தது மின்சாரம் போனதை அல்ல. தன் பேச்சு வரவில்லை என்று தெரிந்துதான் அப்பா என்னிடம் கேட்டிருக்கிறார். டவுன் டீவியில் ஒருவேளை வந்திருக்கும் என்று நம்பிக் கேட்டாரா? அப்படியானால் மகன் கேட்டுவிட்டான் என்ற சந்தோஷத்தோடு போயிருப்பார். இல்லை, கணீர் என்று நான் சொன்ன நொடியே எல்லாம் தெரிந்துபோயிற்றா? கத்தி நின்ற அந்தக் கொஞ்ச நேரத்தை எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் எனக்குப் படம் தெளிவாக வரவில்லை.

நானாவின் கடை இருந்த இடத்தில் இப்போது கைப்பேசி விற்கிறார்கள். பெக்கோக் தோட்டத்தில் அப்பா சீவிய மரங்கள் போய் எண்ணெய் எடுக்கும் செம்பனை நிற்கிறது. மண்டபம் இல்லை, நாங்கள் குடியிருந்த லயம் இல்லை. வாசலில் கிடந்த ஏரியல் கம்பத்தைப் பழைய பேப்பர் லாரிக்காரர் தூக்கிப் போட்டுக்கொண்டு போய்விட்டார். மகள் மட்டும் அந்தச் சேவைக்கு மாதாமாதம் கட்டி வருகிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவளே அந்தப் பகுதியைப் போட்டு, சத்தத்தை முழுக்க அடக்கிவிடுகிறாள். இருவரும் தாத்தாவின் கையை மட்டும் பார்க்கிறோம்.

அன்று அவர் எனக்கு எட்டிப் பிடிக்கும் தூரத்தில்தான் குந்தியிருந்தார். "கேக்கலப்பா, என்னா சொன்னீங்க?" என்று நான் கேட்டிருந்தால், கத்தியைக் கீழே வைத்துவிட்டு, கையை இடுப்பளவில் காட்டி, முதலிலிருந்து சொல்லியிருப்பார்.