டால்பின் நோஸ் போகும் வழியில் ஒரு துண்டு கருப்பட்டி

மகள் கல்யாணம் முடிந்த மறு வாரம், "ரெண்டு நாள் எங்கயாச்சும் போலாங்க" என்று வீட்டுக்காரரைக் கிளப்பினேன். பிப்ரவரி மாதம், ஞாயிற்றுக்கிழமை. கோவையில் காலை 5.30க்குப் பேருந்து, சுமார் எழுபது கிலோமீட்டர், 8.45க்குக் குன்னூர். அரசுப் பேருந்து என்பதால் இ-பாஸ் தொல்லை இல்லை. கொண்டை ஊசி வளைவுகளில் அவருக்குத் தலை சுற்றும், எனக்குச் சுற்றாது. நான் பிறந்ததே மலையில்தான். இலங்கையில், மாத்தளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம்.

குன்னூரில் டாக்ஸி பேசினோம். லாம்ப்ஸ் ராக், டால்பின் நோஸ் இரண்டும் பார்த்துத் திரும்ப 1,400 ரூபாய். இன்னொரு ஜோடியைச் சேர்த்துக்கொண்டால் பாதிதான் என்றார் ஓட்டுநர். சரி என்றோம். வந்த ஜோடி பின் சீட்டில் உட்கார்ந்து சிங்களத்தில் பேச ஆரம்பித்தது. எனக்கு எட்டு வயதாக இருக்கும்போது எங்கள் வீட்டைக் கொளுத்திய கூட்டம் கத்தியது அந்த மொழியில்தான். அப்பா தீக்காயத்தோடுதான் எங்களைக் கப்பலேற்றிக் கூட்டிவந்தார். அதன் பிறகு அந்த மொழி பேசுகிற யாரையும் நான் மனிதராகவே மதித்ததில்லை.

"வேற வண்டி பாத்துக்கறோம்" என்றேன்.

"ஏனுங்க்கா, ஞாயித்துக்கெழம வேற வண்டிக்கு எங்கீங்க போறது? முன்னால உக்காருங்க" என்றார் ஓட்டுநர். வீட்டுக்காரர் அதற்குள் பின்னால் ஏறி அவர்களுக்கு வணக்கமே வைத்துவிட்டார்!

லாம்ப்ஸ் ராக்கில் பள்ளத்தாக்கு முழுக்க வெயில். எதுவும் மனதில் ஏறவில்லை. ஆசைப்பட்டு வந்த பயணத்தை இப்படித் தொலைக்கிறோமே என்று எரிச்சல்தான் வந்தது.

டால்பின் நோஸுக்குச் சற்று முன்னால் ஒரு டீக்கடை. எங்களோடு வந்த அந்தச் சிங்களப் பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். பாலும் வேண்டாம், சர்க்கரையும் வேண்டாம் என்று சைகை காட்டினார்.

"பாலில்லாமயா? ஒடம்பு சரியில்லீங்களா?" என்றார் கடைக்காரர்.

டீ வந்ததும் அந்தப் பெண் இடது உள்ளங்கையை விரித்துக் காட்டி எதையோ கேட்டார். கடைக்காரர் விழித்தார். எனக்குப் புரிந்துவிட்டது. கருப்பட்டியை உள்ளங்கையில் வைத்துக் கடித்துக்கொண்டே பால் சேர்க்காத சாயத்தண்ணி குடிப்பது எங்கள் தோட்டத்துப் பழக்கம். வீட்டுக்காரர் எத்தனை கேலி செய்தும் நான் விடாதது. அன்றும் கைப்பையில் ஒரு துண்டு இருந்தது. இது எங்களுக்கு மட்டுமே சொந்தம் என்றல்லவா இத்தனை நாள் நினைத்திருந்தேன்!

பாதியை உடைத்து அவர் கையில் வைத்து, "கன்ன" என்றேன். எடுத்துக்கொள்ளுங்கள் என்று அர்த்தம். எட்டு வயதுக்குப் பிறகு நான் பேசிய முதல் சிங்களச் சொல் அது.

அவர் திகைத்துப்போய் எந்த ஊர் என்று கேட்டார். ஊரைச் சொன்னேன். மறந்துபோன சிங்களத்தைத் தட்டுத்தடுமாறிக் கோத்து, வீடு எரிந்ததையும் சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது.

"நானும் அந்தப் பக்கம்தான்" என்றார். "அப்போது, தோட்டத்துத் தமிழ் ஆட்கள் எங்களை வெட்ட வருகிறார்கள் என்று சொன்னார்கள். அம்மா எங்களைக் காட்டுக்குள் ஒளித்து வைத்தார்."

நாங்களும் காட்டுக்குள்தான் ஒளிந்திருந்தோம். அதைச் சொன்னதும் இருவருக்கும் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. திரும்பும்போது நான் பின் சீட்டில், அவர் பக்கத்தில் உட்கார்ந்து வந்தேன்.

தீ வைத்தவர்களை மன்னித்துவிட்டேனா? இல்லை. ஆனால் அவர்கள் மேலிருக்கும் கோபத்தை இனி இந்தப் பெண்மேல் காட்டமாட்டேன். இது எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

போகிறவர்களுக்கு: டால்பின் நோஸுக்குக் காலையிலேயே போய்விடுங்கள், நேரமானால் பனிமூட்டம் மறைத்துவிடும். டாக்ஸியைத் தாராளமாகப் பகிர்ந்துகொள்ளலாம். பால் இல்லாத டீ கேட்டால் போட்டுத் தருவார்கள், கருப்பட்டிதான் கிடைக்காது. கையோடு எடுத்துப் போங்கள், உடைத்துக் கொடுக்கிற அளவுக்குப் பெரிய துண்டாக.