மூலையம்மாவின் முகம்

அரசுத் தொலைக்காட்சியில் செய்தி பார்க்கிற பழக்கம் உள்ளவர்களுக்கு அவளைத் தெரியும். பெயர் தெரியாது, குரல் தெரியாது. திரையின் வலது மூலையில் ஒரு சின்னக் கட்டத்துக்குள் கறுப்புச் சட்டையோடு நின்று, யார் எதைப் பேசினாலும் காது கேளாதவர்களுக்காக அதைக் கையால் சொல்லிக்கொண்டிருப்பாளே, அவள்தான். தெருவில் அவளுக்கு மூலையம்மா என்று பெயர். கேலிக்குத்தான் யாரோ வைத்தார்கள். பால்காரர் வரைக்கும் அப்படியே கூப்பிட ஆரம்பித்த பிறகு அவளும் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டாள்.

படிப்பும் சான்றிதழும் பின்னால் வந்தவை. வேலை ஆறு வயதிலேயே வந்துவிட்டது. பெரிய அண்ணனுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அப்பாவோ கைப்பேச்சைக் கற்றுக்கொள்ள மாட்டேன் என்று கடைசிவரை வீம்பாக இருந்தவர். அதனால் அப்பா திட்டுவதை அண்ணனுக்கும், அண்ணன் திருப்பித் திட்டுவதை அப்பாவுக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கிற உத்தியோகம் இவளுக்கு. ஒரு சொல் கூட்ட மாட்டாள், ஒரு சொல் குறைக்க மாட்டாள். அப்பா பல்லைக் கடித்தால் இவளும் கடிப்பாள். கைப்பேச்சில் முகமும் சேர்ந்தால்தான் பேச்சு. கை மட்டும் ஆடினால் பாதிதான் போய்ச் சேரும். அண்ணன் சொன்ன கெட்ட வார்த்தைகளுக்கு அப்பாவிடம் அடி வாங்கியதும் இவள்தான்.

போன வருஷம் அப்பா ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து சொன்னதையும் அவள்தான் அண்ணனுக்குச் சொன்னாள். "வீடு பெரியவனுக்கு. சின்னவனுக்குக் கடை வெச்சுக் குடுத்தாச்சு. உனக்குப் படிப்பு குடுத்தாச்சு. இவனை யாரும் ஏமாத்தாம நீ பார்த்துக்க." கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்ற அண்ணனுக்கு அவள் எல்லாவற்றையும் கையால் சொன்னாள், கடைசி வாக்கியம் உட்பட. அது தன்னிடம் சொன்னது என்பதே வராந்தாவுக்கு வந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

பெரிய அண்ணன் அட்டைப்பெட்டி செய்யும் தொழிற்சாலையில் வேலை செய்தான். காது கேட்பவர்கள் கால் மணி நேரம் நிற்க முடியாத ஒரு வெட்டு இயந்திரம் அங்கே உண்டு. அதை இவன் தலையில் கட்டிவிட்டார்கள். முப்பது வருஷமாக அதோடு குடித்தனம் நடத்துகிறேன் என்பான். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. அப்பாவின் வீட்டில், முன்னறையில், ஜன்னலோரமாகக் கட்டில் போட்டுத் தனியாக இருந்தான். தெரு தெரிய வேண்டும் அவனுக்கு. யார் வந்தாலும் கதவைத் தட்டுவது கேட்காது, ஜன்னலில் பார்த்தால்தான் உண்டு. இவள் இரண்டு தெரு தள்ளி ஒரு மாடியில் வாடகைக்கு இருந்தாள். கட்டிக்கொண்டவன் பத்து வருஷத்துக்கு முன்பே விலகிப் போய்விட்டான். அவனைப் பற்றிச் சொல்ல இதற்கு மேல் ஒன்றும் இல்லை.

வினை ஒரு புதன்கிழமை வந்தது. நிதி அமைச்சர் ஏதோ ஒரு கட்டடத்தைத் திறந்து வைத்துப் பேசினார். எழுதி வைத்ததைப் படித்து முடித்தவர், போகிற போக்கில் நாலு வார்த்தை சொந்தமாகப் பேச ஆசைப்பட்டுவிட்டார்.

"அப்பன் விட்டுப்போற வீட்டுல ஒரு பங்கு ஊருக்கு வந்தா என்ன குடிமுழுகிப் போச்சு? பிள்ளையாப் பொறந்ததைத் தவிர அவன் அதுக்கு என்ன உழைச்சான்?" என்று சொல்லிவிட்டு ஒரு சிரிப்புச் சிரித்தார்.

மூலையில் நின்றவளும் அதைச் சொன்னாள். சொல்லிவிட்டு அதே சிரிப்பைச் சிரித்தாள்.

அப்பன் வீட்டுக்கு வரி வரப்போகிறது என்று மறுநாள் ஊர் பற்றிக்கொண்டது. கடைகளை மூடினார்கள். ஆளாளுக்கு வீட்டுச் சாவியை உயர்த்திப் பிடித்து ஆட்டிக்கொண்டு ஊர்வலம் போனார்கள். வாடகை வீட்டில் இருப்பவர்களும் போய் ஆட்டினார்கள். வீட்டுக்காரர் சாவிக்கு அவ்வளவு கோபம் வந்திருந்தது. செத்துப்போன அப்பாக்களின் படங்களை மார்பில் அணைத்துக்கொண்டு தொலைக்காட்சியில் அழுதார்கள். அந்த அப்பாக்களில் ஒருவர் உயிரோடு இருந்த காலத்தில் மகன் எட்டிக்கூடப் பார்க்காதது அந்தத் தெருவுக்கே தெரியும். அதை அப்போது யார் சொல்வது?

அமைச்சரை எல்லோரும் வாய்க்கு வந்தபடி திட்டினார்கள். ஆனால் கைப்பேசியில் சுற்றியது அமைச்சர் படம் அல்ல. எவனோ வேலையற்றவன் மூலையைப் பெரிதாக்கி வெட்டி, மெதுவாக ஓடவிட்டு, பின்னால் பாட்டையும் சேர்த்துவிட்டான். ஒரு பெண் கையால் வீட்டைக் காட்டுகிறாள், அதில் ஒரு துண்டை வெட்டி எடுக்கிறாள், சிரிக்கிறாள். அவ்வளவுதான் அந்தப் படம். ஊரில் பாதிப் பேர் அதை மட்டும்தான் பார்த்தார்கள்.

"எங்க வீட்டை எப்பம்மா எடுத்துக்க வர்றே?" என்றார் பால்காரர். விளையாட்டுக்குத்தான் கேட்டார். பேருந்தில் கேட்டவர்கள் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. ஒரு அம்மாள் பக்கத்து இருக்கையிலிருந்து எழுந்துபோய் நின்றுகொண்டாள். வீட்டுக்காரி மாடிப்படி வரை வந்து, "அந்த ஆளு சொன்னான், சரி. உனக்கு எதுக்கும்மா அப்படி ஒரு சிரிப்பு?" என்று கேட்டாள். மூலையம்மா முதல் நாள் எல்லோருக்கும் விளக்கம் சொன்னாள். இரண்டாம் நாள் பாதிப் பேருக்குச் சொன்னாள். அப்புறம் விட்டுவிட்டாள்.

பெரிய அண்ணன் ஒருவன்தான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அந்தப் படத்தை அவளிடமே காட்டி, "காது இருக்கறவங்களுக்குக் கண்ணு இல்ல போல. யார் பேசறதுன்னுகூடத் தெரியல பாரு" என்று கையால் சொன்னான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. வர வேண்டிய இடம் என்று தெரிந்தது, அவ்வளவுதான்.

தொலைக்காட்சி நிலையத்தில் மேலதிகாரி கூப்பிட்டார். நல்ல மனிதர்தான். காபி வரவழைத்துக் கொடுத்து, "வேலையில ஒரு குறையும் இல்லம்மா. முகத்தை மட்டும் கொஞ்சம் சும்மா வெச்சுக்குங்க. கை மட்டும் பேசட்டும்" என்றார்.

அப்படிப் பேசினால் பாதிதான் புரியும் என்று சொல்ல வாயெடுத்தாள். அப்புறம் சரி சார் என்றாள். முகத்தைச் சும்மா வைத்துக்கொள்வது முதலில் கடினமாக இருந்தது. அப்புறம் பழகிவிட்டது. அதைவிட, வேலை முடிந்து வெளியே வந்த பிறகும் அப்படியே நின்றுவிட்டது. யாராவது திட்டினால் கேட்டுக்கொண்டாள். காய்கறிக்காரன் கேட்ட கேள்வியைக் காதில் வாங்காமல் வெண்டைக்காயைப் பொறுக்கினாள். கண்ணாடியில் பல் தேய்க்கும்போது பார்த்தால், பல் தேய்க்கிற யாரோ ஒருத்தி தெரிந்தாள்.

"நேத்து செய்தியில நீ சொன்னது ஒண்ணும் புரியல. தூக்கத்துல பேசறவ மாதிரி இருந்தே" என்றான் பெரிய அண்ணன்.

இந்த நேரம் பார்த்துத்தான் சின்ன அண்ணன் வந்தான். பெயிண்டுக் கடைக்காரன், தேன் தடவிய நாக்கு. பெரியவனிடம் எழுதிக் காட்டியும் சைகை காட்டியும் ஏற்கெனவே பாதி வேலையை முடித்துவிட்டிருந்தான். அப்பா வழியில் வந்த வீடு. சட்டம் வந்தால் பங்கு கேட்பார்கள். கட்ட முடியாதவன் வீட்டை ஏலம் போடுவார்கள். இப்போதே என் பேருக்கு எழுதி வைத்துவிட்டால் எது வந்தாலும் கடைக்காரன் நான் சமாளித்துக்கொள்வேன். நீ பாட்டுக்கு எப்போதும் போல இருந்துகொள். இவ்வளவுதான் அவன் சொன்னது. கேட்பதற்கு ஒரு குறையும் இல்லை.

"பதிவு ஆபீஸ்ல கைப்பேச்சு தெரிஞ்ச ஆள் வேணுமாம். வெளியாளுக்கு எதுக்குக் காசு? நீயே வந்து சொல்லிடு" என்றான் அவளிடம். "ஆனா ஒண்ணும்மா. அவங்க கேக்கறதை மட்டும் சொல்லு. நீயா எதையும் சேர்க்காதே. அதான உன் தொழிலு?"

"ஆமாண்ணா" என்றாள்.

பதிவு அலுவலகத்தில் உட்கார இடம் இல்லை. ஊரில் பாதி அப்பாக்கள் அங்கேதான் இருந்தார்கள். சாகும் முன்பே எழுதிக் கொடுத்துவிடத் துடித்தார்கள். மேஜைமேல் பசை பாட்டிலின் வாய் காய்ந்து கட்டியாகியிருந்தது. கைரேகை மை பட்ட விரலைத் துடைத்துத் துடைத்துச் சுவரின் ஒரு மூலையே நீலமாகியிருந்தது. இரண்டு மணி நேரம் கழித்து அவர்கள் முறை வந்தது. சாட்சிக்குச் சின்ன அண்ணன் கடையிலிருந்து இரண்டு பேர்.

பதிவு அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். "நீங்க இவருக்கு என்ன வேணும்?"

"தங்கச்சி."

"சொந்தக்காரங்க சொல்லக் கூடாதேம்மா…" என்று இழுத்தவர் முகத்தை உற்றுப் பார்த்தார். "அட, மூலையம்மா! உங்களாலதான் எனக்கு இன்னிக்கு இவ்வளவு கூட்டம். சரி சரி, நீங்களே சொல்லுங்க. உங்களைவிட யாரு ஒழுங்காச் சொல்லிடப் போறாங்க?"

பத்திரத்தை அவர் வாசித்தார். அவள் கையால் சொன்னாள். முழு மனதோடு, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல், இனித் திரும்பக் கேட்கிற உரிமையும் இல்லாமல். அண்ணன் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினான். பேனாவைக் கையில் எடுத்தான். எடுத்தவன் அதை மேஜைமேல் வைத்துவிட்டு அவளைப் பார்த்தான்.

"என்ன தோணுது? எழுதலாமா, வேண்டாமா?" என்று கையால் கேட்டான்.

அவளைத்தான் கேட்டான். அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் இருபத்திரண்டு வருஷத் தொழில் பழக்கம் ஒன்று உண்டு: அறையில் யார் கையால் எதைச் சொன்னாலும் அதை எல்லோருக்கும் கேட்கும்படி வாயால் சொல்லிவிட வேண்டும். வாய் அதுபாட்டுக்குத் திறந்தது.

"என்ன தோணுது, எழுதலாமா வேண்டாமான்னு கேக்கறாரு."

அதிகாரி தன்னைத்தான் கேட்கிறான் என்று நினைத்துக்கொண்டார். "எனக்கு என்னம்மா தோணணும்? எழுதினா எழுதட்டும், இல்லேன்னா எழுந்து போகட்டும். அவர் இஷ்டம். இதுல நான் சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல."

அவளுக்கு ஒன்று தோன்றத்தான் செய்தது. வேண்டாம் என்று தோன்றியது. ஆனால் அடுத்த வீட்டு ரேடியோ மாதிரி எங்கேயோ தள்ளிக் கேட்டது. கை வரைக்கும் வரவில்லை. கை வேறொன்றைச் சொல்லிக்கொண்டிருந்தது. எனக்கு என்ன தோணணும், எழுதினா எழுது, உன் இஷ்டம், நான் சொல்ல ஒண்ணும் இல்ல.

இதை என் பதில் என்று எடுத்துக்கொள்வானே என்று நினைத்தாள். ஒரு விரலை அதிகாரி பக்கம் நீட்டினால் போதும். பக்கத்தில் சின்ன அண்ணன் தொண்டையைச் செருமினான். அவள் விரலை நீட்டவில்லை. ஏன் என்று அவளுக்கே தெரியாது. பயமோ, பாசமோ, பணமோ எதுவும் காரணம் இல்லை. சும்மா இருந்துவிட்டாள்.

பெரிய அண்ணன் அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு பேனாவை எடுத்து ஏழு இடங்களில் கையெழுத்துப் போட்டான்.

பேசிய ஒன்பதாம் நாள் அமைச்சர் குட்டிக்கரணம் அடித்தார். அப்படி ஒரு வரி வரவும் இல்லை, வரப்போவதும் இல்லை, தன் பேச்சைத் திரித்துவிட்டார்கள், யார் வீட்டையும் யாரும் எடுக்க மாட்டார்கள். மூலையில் நின்று அவள் அதையும் சொன்னாள். மறுநாளே கடைகளில் கூட்டம் வேறு பேச்சுக்குப் போய்விட்டது. வீட்டுக்காரி தட்டில் நாலு வாழைப்பழம் வைத்துக் கொடுத்தனுப்பினாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் அப்பா வீட்டுக்குப் போனபோது முன்னறை முழுக்கப் பெயிண்டு டப்பாக்கள். சின்ன அண்ணன் வாசலில் நின்று ஆட்களை வேலை வாங்கிக்கொண்டிருந்தான்.

"கடையில இடம் பத்தலம்மா. அவன் பின்னாடி ரூம்ல இருக்கட்டும். ஒருத்தனுக்கு எதுக்கு அவ்வளவு எடம்?"

"அமைச்சர்தான் வரி இல்லேன்னுட்டாரே, அண்ணா."

"அதுக்கு? எழுதினது எழுதினதுதானே" என்றான் அவன், டப்பாக்களை எண்ணிக்கொண்டே.

பெரிய அண்ணன் மெத்தையைச் சுருட்டிக்கொண்டிருந்தான். பின்னறைக்கு ஜன்னல் கிடையாது. அவள் அவன் முன்னால் போய் நின்றாள். நாலு நாளாக ஒத்திகை பார்த்து வைத்திருந்ததைக் கையால் சொன்னாள்.

"அன்னிக்கு ஆபீஸ்ல நீ கேட்டப்ப, உன் இஷ்டம்னு சொன்னது நான் இல்ல. அந்த ஆபீசர் சொன்னது."

அவன் மெத்தையைக் கீழே வைத்தான்.

"தெரியும்" என்றான்.



"நாப்பது வருஷமா உன் கையைப் பார்க்கறேன். எது உன் பேச்சு, எது அடுத்தவன் பேச்சுன்னு எனக்குத் தெரியாதா? நான் உன்னைக் கேட்டேன். அந்த ஆள் பதில் சொன்னான். நீ சொல்லுவேன்னு பார்த்துக்கிட்டே இருந்தேன். நீ ஒண்ணுமே சொல்லல. உன் முகத்துலயும் ஒண்ணும் இல்ல. அப்புறம் யாருக்காக வீட்டை வெச்சுக்கறதுன்னு கையெழுத்துப் போட்டுட்டேன்."

கோபமாகச் சொல்லவில்லை. முகத்தில் கோபம் இருந்திருந்தால் அவளுக்குப் படிக்கத் தெரியும்.

"வேண்டாம்னு தோணிச்சு" என்றாள் அவள்.

அவன் தலையாட்டினான். நேற்றைய செய்தியைக் கேட்டுக்கொள்கிறவன் மாதிரி ஆட்டினான். பிறகு கட்டிலின் ஒரு முனையைத் தூக்கி, மறுமுனையைப் பிடிக்கும்படி தாடையால் காட்டினான். அவள் பிடித்தாள். நடை குறுகல், கட்டிலோ பழைய மரம். நாலு கையும் அதில் மாட்டிக்கொண்டபடியால், பின்னறை போய்ச் சேரும் வரை இருவராலும் எதுவும் பேச முடியவில்லை.