என் மோட்டாரில் மாடு பூட்டாதீர்கள்

இன்று காலையும் என் மோட்டாரின் முன் பம்பரில் ஒரு மாடு கட்டியிருந்தது. நேற்று செவலை, இன்று மயிலை. கயிற்றை அவிழ்த்துச் சுவரில் இருக்கும் இரும்பு வளையத்தில் மாற்றிக் கட்டிவிட்டுத்தான் வண்டியை எடுத்தேன். மாட்டுக்கு என்மேல் ஒரு வருத்தமும் இல்லை. வண்டிக்கார வீரணன்தான் எதிர் அரிசி மண்டி வாசலில் பல் குச்சியோடு நின்று, "ஏந்தாயி, ஒங்க காரு சும்மாதான நிக்கிது, அது பாட்டுக்கு நிக்கட்டுமே" என்றார். இந்த ஊரில் சும்மா நிற்கும் எதுவும் கட்டுத்தறிதான் என்பது எனக்குப் புரிய ஒரு வருஷம் பிடித்தது. ஈப்போவில் இருக்கும் என் தோழிகளே, நீங்கள் சிரிப்பீர்கள். அங்கே கடைகளின் முன்னால் ஓடும் அஞ்சடி நடைபாதையை ஒட்டி வண்டியைக் கொஞ்சம் கோணலாக நிறுத்தினாலே மாத்தா-மாத்தா என்கிற போலீஸ்காரன் வந்து கம்பால் தட்டுவான். இங்கே போலீஸ்காரர் யாரும் கேட்பதில்லை. ஆனால் தெருவில் இருக்கிற அத்தனை பேரும் கேட்பார்கள்.

கீழமாசி வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் என் மாமனார் வீடு இருக்கிறது. வீட்டுக்கு மோட்டார்க் கொட்டகை கிடையாது. அந்தச் சந்தில் யார் வீட்டுக்கும் கிடையாது. எதிரே ஓர் அரிசி மண்டி. மண்டியின் பக்கச் சுவரோரம் வண்டியை நிறுத்திக்கொள்ளலாம் என்று முதலாளி ஒத்துக்கொண்டிருந்தார். பாரவண்டிகள் மூட்டை இறக்கத் தொடங்குமுன் எடுத்துவிட வேண்டும்; அவை போன பிறகே திரும்ப விட வேண்டும். எனக்கும் அது சரியாகத்தான் இருந்தது. விடிந்ததும் கிளம்பி, வைகைப் பாலம் தாண்டி, யானைமலையை இடப்பக்கம் விட்டு மேலூர் போய்ச் சேர்ந்தால் பள்ளிக்கூடப் பிரார்த்தனை மணிக்கு முன்னே நிற்பேன். மேலூருக்குப் பஸ் உண்டு. ஆனால் அது ஆள் நிரம்பினால்தான் அசையும். பஸ்ஸில் போன முதல் மாதம் பிள்ளைகள் எனக்கு முன்னால் வகுப்பில் உட்கார்ந்திருந்தார்கள். பெரிய டீச்சர் என்னைக் கூப்பிட்டு, "இப்படியே போனால் வேறு ஆள் பார்க்க வேண்டியிருக்கும்" என்றார். ஆகவே இந்த மோட்டார் எனக்கு ஆடம்பரம் அல்ல. வண்டி போனால் வேலை போகும். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடத்துக்குள் போனவள் நான். உள்ளே போனவள் வாத்தியாராக நிற்கிறேன். வெளியே வரும் எண்ணம் எனக்கு இல்லை.

வண்டி வந்த கதையைச் சொல்ல வேண்டும். என் அப்பா கொட்டாம்பட்டிப் பக்கத்திலிருந்து மலாயாவுக்குக் கப்பல் ஏறிப் போனவர். ஈப்போவில் வாடகைக் கார் ஓட்டினார். அவருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. எனக்குக் கல்யாணம் பேசியபோது, மதுரையில் இருக்கும் அத்தை மகன்தான் மாப்பிள்ளை என்று முடிவானது. நகை என்ன போடுவது என்று பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்கையில், "எனக்கு நகை வேண்டாம், அப்பா ஓட்டும் பழைய வண்டியைக் கொடுங்கள்" என்று கேட்டேன். எனக்கு யாரும் உட்கார்த்திவைத்து ஓட்டக் கற்றுத் தரவில்லை. அப்பா சாப்பிட வரும் மத்தியானங்களில் நானும் தங்கையும் ரப்பர்த் தோட்டத்துச் செம்மண் பாதையில் திருட்டுத்தனமாக ஓட்டி, மரத்தில் இடித்து, பிறகு அதைச் சரிசெய்யவும் கற்றுக்கொண்டோம். பினாங்கில் ஏற்றி நாகப்பட்டினத்தில் இறக்கிய வண்டி இது. இங்கே வந்ததும் புது நம்பர் எழுதச் சொன்னார்கள். பெயிண்டர் பழைய நம்பர்மேல் கறுப்பைப் பூசி, அதன்மேல் வெள்ளையில் புது நம்பரை எழுதினார். வெயிலில் கறுப்பு உதிர்ந்து, இப்போது ஈப்போ நம்பரும் லேசாகத் தெரிகிறது.

பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒருநாள் கான்ஸ்டபிள் கையைக் காட்டி நிறுத்தினார். ஸ்டியரிங் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்து, "டிரைவரு எங்கம்மா?" என்றார். "இங்கேதான்" என்றேன். சரி என்று தலையாட்டி, வேப்பமர நிழலில் போய் நின்று டிரைவர் வருவதற்காகக் காத்திருந்தார். நானும் காத்திருந்தேன். கடைசியில் நான் கிளம்பியபோது அவர் பின்னாலேயே ஓடிவந்து, "ஏம்மா, டிரைவரை விட்டுட்டுப் போறீங்களே" என்று கத்தினார்.

என் மாமனாருக்கு இதெல்லாம் வேடிக்கையாக இல்லை. மருமகள் கார் ஓட்டுவதைப் பற்றிக் கடைத்தெருவில் யாராவது விசாரித்தால் அவருக்கு அன்று சாப்பாடு இறங்காது. தல்லாகுளத்தில் ஒரு தரகர் பழைய மோட்டார் வாங்குகிறார் என்று எந்தப் பேச்சிலும் ஒருமுறை சொல்லிவிடுவார். "ஒரு நாளு நடுத்தெருவுல நின்னு மானத்தை வாங்கப் போகுது. அன்னைக்கு நேரா தல்லாகுளந்தான்." இதை என் கணவரிடம் சொல்வார், எனக்குக் கேட்கும்படி. என் கணவர் ரயில்வேயில் குமாஸ்தா. அவருக்குச் சைக்கிள் தவிர வேறொன்றும் ஓட்டத் தெரியாது. அவர் பத்திரிகையை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொள்வார்.

அந்த ஒரு நாள் ஆயுத பூஜையன்று வந்தது.

அதற்கு முந்தின நாள் சாயங்காலம் நடந்ததை முதலில் சொல்கிறேன். அத்தை அடுப்படியிலிருந்து வந்து, "ஓஞ் சாமானெல்லாம் எங்க?" என்றார். என்ன சாமான் என்று எனக்குப் புரியவில்லை. "அதான், வண்டிக்கடியில படுத்துக்கிட்டுத் திருகுவியே, அது. சாமிக்கு வைக்கணும்ல." நான் கான்வாஸ் பையிலிருந்த ஸ்பானர்களைத் துடைத்துக் கொடுத்தேன். மாமாவின் தராசு, அவர் பேனா, அத்தையின் அரிவாள்மனை, என் பள்ளிக்கூடப் புத்தகங்கள், இவற்றோடு என் ஸ்பானர்களையும் மணைப்பலகையில் அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தார். இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து என்னை ஒரு வேலைக்காரியாக, அதாவது வேலை தெரிந்தவளாக, யாராவது ஒத்துக்கொண்டார்கள் என்றால் அது அன்றுதான். எனக்குப் பெருமையாக இருந்தது.

மறுநாள் எங்கள் வீட்டுப் பூஜை காலையிலேயே முடிந்தது. மண்டியில் சாயங்காலம். பாரவண்டிகளை எல்லாம் கழுவி, வாழைக்கன்று கட்டி, சுவரோரம் வரிசையாக நிறுத்திப் பூஜை போடுவார்கள். அதற்குள் என் வண்டியை எடுத்துவிட வேண்டும் என்று முதலாளி முன்பே சொல்லியிருந்தார். மத்தியானம் போய் வண்டியின் முன்பக்கம் ஹாண்டிலைச் செருகிச் சுற்றினேன். இஞ்சின் இருமியது. இன்னொரு முறை சுற்றினேன், அந்த இருமலும் இல்லை. பெட்ரோல் வரவில்லை.

மேல வெளி வீதி ஒர்க்‌ஷாப்பிலிருந்து சோலையை என் கணவர் சைக்கிளில் கூட்டிவந்தார். சோலை வெள்ளை வேட்டியும் நெற்றி நிறையத் திருநீறுமாக வந்து, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். குனிந்துகூடப் பார்க்கவில்லை.

"சாமானெல்லாம் சாமிகிட்ட இருக்குக்கா. நாளைக்குப் பூசை பிரிச்சதும் வாரேன்."

"ஒரே ஒரு ஸ்பானர் கொடுங்கள், நானே பார்த்துக்கொள்கிறேன்."

"அக்கா, இன்னைக்கு மதுரையில எந்த ஒர்க்‌ஷாப்புலயும் ஒரு ஆணி கெடைக்காது. நீங்க மலாய்க்காரவுக, ஒங்களுக்குத் தெரியாது."

எனக்குத் தெரியும். ஈப்போவிலும் நாங்கள் ஆயுத பூஜை போடுவோம். காருக்கு மாலை போட்டு, சூடம் காட்டி, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைப்போம். ஆனால் பொரியை வாயில் போடுமுன் தவுக்கே, அதாவது சீன முதலாளி, ஒருவன் வந்து, ஸ்டேஷனுக்குப் போக வேண்டும் என்பான். அவனுக்குச் சரஸ்வதியைத் தெரியாது. அப்பா ஒரு கும்பிடு போட்டுவிட்டு மாலையோடு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவார். பிழைக்கப் போன இடத்தில் சாமி கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து இடம் கொடுத்தது. இங்கே சாமி சொந்த வீட்டில் இருக்கிறது, அசையவில்லை.

பாரவண்டிகள் சந்துக்குள் வரத் தொடங்கின. மண்டி முதலாளி வெளியே வந்து என்னைப் பார்க்காமல் மாமாவைப் பார்த்தார். "என்ன பெரியவரே, நல்ல நேரம் போகுதுல்ல" என்றார்.

வீரணன்தான் வழி சொன்னார். "இதுக்கு எதுக்கு அம்புட்டு யோசனை? செவலையையும் மயிலையையும் பூட்டி இழுத்துட்டுப் போயிருவோம். எங்க விடணும், சொல்லுங்க."

அவர் உதவி செய்யத்தான் சொன்னார். வண்டிக்காரர்கள் எல்லோரும் சிரித்தார்கள். "மாடு இல்லாம ஓடுற வண்டின்னாக, கடைசியில மாட்டுக்கிட்டதான் வந்துச்சு" என்றார் ஒருவர். மாமா சிரிக்கவில்லை. அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. "இழுக்கிறதுதான் இழுக்கிறீக, அப்படியே தல்லாகுளத்துல விட்டுருங்க. தரகர் வீடு நான் காட்டுறேன்" என்றார்.

வீரணன் கயிற்றோடு பம்பர் பக்கம் குனிந்தார். நான் முன்னால் போய் நின்றேன்.

"என் வண்டியில் மாடு பூட்டாதீர்கள்."

"ஏந்தாயி, தெனமும் கட்டுறதுதான?"

"கட்டுவது வேறு, பூட்டுவது வேறு. வரிசை போடுவதற்குள் நானே எடுத்துவிடுகிறேன்."

"எதை வச்சு?" என்றார் மாமா.

நான் வீட்டுக்குள் போனேன். பூஜையறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நான் மணைப்பலகையில் கை வைத்ததும் அத்தை வந்துவிட்டார்.

"என்னடி பண்ற? நாளைக்கு எடுத்துக்கிரலாம். சாமிக்கு வச்சது."

"நாளைக்கு வண்டி இருக்காது, அத்தை."

"இருக்காட்டி என்ன? ஊரு ஒலகத்துல பொம்பளைக வண்டி வச்சா பொழைக்கிறாக?"

"நீங்கள்தானே இதை ஆயுதம் என்று சொல்லிப் பொட்டு வைத்தீர்கள்? தேவைப்படும் நேரத்தில் எடுக்கக்கூடாத ஆயுதம் எனக்கு எதற்கு?"

அத்தை என் கையைப் பிடிக்கவில்லை. "ஏதாச்சும் ஆச்சுன்னா என்னையச் சொல்லாத" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். முந்தின நாள் கிடைத்த மரியாதையை நானே திருப்பிக் கொடுக்கிறேன் என்பது எனக்குத் தெரிந்தது. தெரிந்தேதான் எடுத்தேன். ஒரு ஸ்பானரும் ஒரு ஸ்குரூ டிரைவரும் போதும். மற்றவை சாமியிடமே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

தெருவுக்கு வந்தேன். பானெட்டைத் திறந்து பெட்ரோல் குழாயின் திருகைக் கழற்றினேன். காய்ந்த சந்தனம் பொடியாக உதிர்ந்ததால் ஸ்பானர் முதலில் வழுக்கியது. புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டேன். சோலை இன்னும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். கால் மட்டும் என் பக்கம் மெல்ல நகர்ந்து வந்தது. குழாயைக் கழற்றி வாயில் வைத்து ஊதினேன். வாயெல்லாம் பெட்ரோல். மறுபடி ஊதியபோது செங்கல்பொடி மாதிரித் துரு வந்து விழுந்தது. கார்புரேட்டர் கிண்ணத்தைக் கழுவி எல்லாவற்றையும் மாட்டினேன். உள்ளே உட்கார்ந்து, "நான் இங்கே பெடலை மிதிக்க வேண்டும், ஹாண்டில் சுற்ற ஆள் வேண்டும்" என்றேன்.

யாரும் அசையவில்லை. சோலையின் கை அவிழ்ந்தது, மறுபடி கட்டிக்கொண்டது. அப்போது என் கணவர் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்தார். மாமா, "டேய்" என்றார். இவர் திரும்பவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "எந்தப் பக்கம் சுத்தணும்?" என்று என்னைக் கேட்டார். தெரு முழுக்கக் கேட்டது. நான் சொன்னேன், அவர் சுற்றினார். மூன்றாவது சுற்றில் இஞ்சின் பிடித்துக்கொண்டது. செவலையும் மயிலையும் மிரண்டு பின்வாங்கின.

வண்டியைச் சந்தின் கோடிக்கு எடுத்துப்போய் நிறுத்தினேன். பாரவண்டிகள் வரிசை போட்டு முடித்தன. கடைசி வண்டிக்குப் பின்னால் இடம் காலியாகக் கிடந்தது. மெதுவாகப் பின்னோக்கி வந்து அந்த இடத்தில் என் வண்டியைச் சேர்த்து நிறுத்தினேன்.

பூசாரி சூடத்தட்டோடு ஒவ்வொரு வண்டியாக வந்தார். என் மோட்டார் முன்னால் வந்ததும் முதலாளியைப் பார்த்தார். முதலாளி வானத்தைப் பார்த்தார். "வரிசையில நிக்கிதுல்ல சாமி, காட்டுங்க" என்றார் வீரணன். சூடம் காட்டினார். வீரணன் சந்தனக் கிண்ணத்தோடு வந்து பானெட்டில் அப்பினார், சக்கரங்களில் அப்பினார், முன்னாலிருந்த நம்பர் பலகையிலும் ஒரு கை அப்பினார்.

கூட்டம் கலையும்போது மாமா என் பக்கத்தில் வந்தார். "கெளம்பிருச்சுல்ல, நல்லதாப்போச்சு. அப்படியே தல்லாகுளத்துக்கு ஓட்டு, தரகரைப் பாத்துட்டு வந்துருவோம்."

நான் இறங்கிக் கதவைச் சாத்தினேன்.

"சாமிக்கு வச்ச வண்டியை இன்னைக்கு எப்படி மாமா நகட்டுறது?"

இதை மட்டும் அவர்கள் பேச்சிலேயே சொன்னேன். வீரணன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பினார். மாமா சுற்றிலும் நின்றவர்களைப் பார்த்தார். பூஜை போட்ட வண்டியை அன்றைக்கே எடுக்கச் சொல்கிறார் என்ற பேரை வாங்கிக்கொள்ள அவருக்கு மனம் வரவில்லை. வீட்டுக்குள் போய்விட்டார். தரகர் பேச்சை அவர் இன்னும் விடவில்லை. நானும் வண்டியை விடவில்லை. அத்தை என்னோடு சில நாள் பேசாமல் இருந்தார். பெட்ரோல் நாற்றத்தோடு நான் திருப்பி வைத்த ஸ்பானரை மட்டும் பலகையிலிருந்து தள்ளிவைக்கவில்லை.

பூஜை விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்த அன்று விடியலில் வழக்கம்போல் பம்பரில் மாடு நின்றது. குனிந்து கயிற்றை அவிழ்க்கும்போது நம்பர் பலகையைப் பார்த்தேன். காய்ந்த சந்தனம் வெடித்திருந்தது. ஒரு வெடிப்பில் மதுரை நம்பரின் பாதி, இன்னொரு வெடிப்பில் ஈப்போ நம்பரின் பாதி. சேர்த்துப் படித்தால் எந்த ஊரிலும் இல்லாத ஒரு வண்டி. மாடு அதை நக்கிப் பார்க்கக் கழுத்தை நீட்டியது. கயிற்றை இழுத்து அதைச் சுவர்ப்பக்கம் கட்டிவிட்டு, சந்தனத்தைத் துடைக்காமல், மேலூருக்குக் கிளம்பினேன்.