சிவப்பு நாற்காலி மிதந்த தெரு

நேற்று மழை சற்று ஓய்ந்த நேரத்தில் திருவொற்றியூர் வழியாக வந்துகொண்டிருந்தேன். சாலை முழுக்கக் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர். அதன்மேல் டீசல் படலம் மயில்கழுத்து நிறத்தில் மெதுவாகச் சுழன்றது. நடுவில் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி. என்னைக் கேட்காமலே என் கால் தரையில் ஊன்றி ஸ்கூட்டரை நிறுத்தியது. பின்னால் வந்த ஆட்டோக்காரர், "இன்னாம்மா, சேரப் பாத்தவொடன ஒக்காரணும்னு தோணிச்சா?" என்றார். அப்படித் தோன்றவில்லை. வைத்தவர் வைத்த இடத்தில்தான் அது இருக்கிறதா என்றுதான் தோன்றியது. கேட்க ஆளில்லாததால் வண்டியைத் திருப்பி, சுற்றுவழியில் வீடு வந்து சேர்ந்தேன்.

நான் எண்ணூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் மின்பொறியாளர். எதையும் வரிசை போட்டுத்தான் யோசிப்பேன். ரசம் வைக்கும்போதுகூட மனதுக்குள் ஒன்று, இரண்டு என்று ஓடும். மழைக்காலம் வருமுன் ஊழியர்களுக்குப் பாதுகாப்பு வகுப்பு எடுப்பதும் நான்தான். தண்ணீர் பிளக் பாயின்ட்டைத் தொடுமுன் மெயினை இறக்கு. மின்கம்பத்தைத் தொடாதே. தரை தெரியாத தண்ணீரில் குச்சியால் குத்திப் பார்த்துவிட்டுக் கால் வை. எல்லாம் சரியான பாடங்கள். கேட்பவர்கள் தலையாட்டுகிறார்கள், சிலர் கண் மூடியபடியே.

அந்த டீசல் வாசனை இருக்கிறதே, அது எனக்கு அப்பாவின் சட்டை. துறைமுகத்தில் கிரேன் மெக்கானிக்காக இருந்தார். கல்மண்டபத்தில் மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகும் சாலையிலிருந்து பிரிகிற ஒரு சின்னத் தெருவில் எங்கள் வீடு. மழை வலுக்கும் நாட்களில் தெருவுக்குள் முதலில் கருவாட்டு வாசனை வரும், பின்னால் டீசல், அதற்கும் பின்னால்தான் தண்ணீர். தண்ணீர் வந்துவிட்டால் தெரு இரண்டாகிவிடும்: மேலே ஒன்று, கீழே தலைகீழாக ஒன்று. கோயில் மணி, பக்கத்து வீட்டில் அடிப்பதுபோலக் கேட்கும். யார் வீட்டுச் செருப்பு எந்தப் பக்கம் போகிறது என்று படிக்கட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்போம். பள்ளிக்கூடம் கிடையாது, மின்சாரம் கிடையாது. அவ்வளவு நீளமான பகல்களை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை.

அம்மா மட்டும் பார்த்துக்கொண்டிருக்கமாட்டாள். மெயினை இறக்குவாள். சிலிண்டரைக் கட்டில் காலோடு கட்டுவாள். ரேஷன் கார்டும் என் சான்றிதழ்களும் பாலிதீன் பைக்குள் போய்ப் பரண் ஏறும். குடத்தில் குடிநீர், திருவிழாவில் மிஞ்சிய மெழுகுவர்த்தி, கடைசியில் ஃபிரிட்ஜுக்குக் கீழே செங்கல். என் வரிசைப் பைத்தியம் எங்கிருந்து வந்தது என்று இப்போது உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

தெருவுக்கென்றும் ஒரு வேலை இருந்தது. தண்ணீர் வடியட்டும் என்று நடுத்தெரு மேன்ஹோலின் மூடியைக் கடப்பாரையால் நெம்பித் திறந்துவிடுவார்கள். செய்யக்கூடாத வேலைதான், எல்லோரும் செய்தார்கள். திறந்த வாய்க்கு மேல் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி, அதன்மேல் ஓர் அம்மிக்கல். நாற்காலியைக் கண்டால் விலகிப் போக வேண்டும். தெருவில் பிறந்த குழந்தைக்கும் இது தெரியும்.

அந்த நாற்காலி எதிர்வீட்டு ரோஸி அத்தையுடையது. உறவில்லை, ஆனாலும் அத்தை. வெயில் காலம் முழுக்க வாசலில் அதில் உட்கார்ந்து போகிற வருகிறவர்களுக்கெல்லாம் ஒரு வார்த்தை வைத்திருப்பாள். மழை வந்தால் பையன்கள் வந்து நிற்பார்கள். "என் சிம்மாசனத்த சாக்கடைக்கி வெக்கிறீங்களேடா, வெளங்குவீங்களாடா?" என்று திட்டிக்கொண்டே எழுந்து கொடுப்பாள்.

ஒரு மழைக்காலத்தில் அவளுக்கும் அப்பாவுக்கும் பேச்சு இல்லை. முந்தின கிறிஸ்துமஸுக்கு அப்பா கட்டிய காகித நட்சத்திரம், அவள் நாற்காலியிலிருந்து தெருமுனையைப் பார்க்க முடியாமல் மறைத்துவிட்டதாம். இவ்வளவுதான் சண்டை. நட்சத்திரத்தை இறக்கிய பிறகும் சண்டையை யாரும் இறக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அப்பா ஒரு காலத்தில் குடித்தவர். வேளாங்கண்ணிக்கு நடந்துபோய் வேண்டிக்கொண்டு குடியை விட்டவர். அதற்குப் பிறகு தெருவில் எந்தச் சண்டையிலும், எவ்வளவு மோசமான வசவிலும், அவர் காதுபட அந்த ஒரு வார்த்தையை யாரும் சொன்னதில்லை.

நான் பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டிருந்த வருடம் அது. மத்தியானமே சாயங்காலம்போல இருட்டிக்கிடந்தது. தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். அம்மாவும் நானும் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தோம். ரோஸி அத்தை எதிர்வீட்டு மாடிப்படியில். தெருமுனையில் அப்பா தெரிந்தார். பஸ் இல்லாமல் துறைமுகத்திலிருந்து நடந்தே வந்திருந்தார். ஒரு கையில் மடக்கிய குடை, மறுகையில் தூக்கிப்பிடித்த சாப்பாட்டுப் பை.

அப்போதுதான் நாற்காலியைப் பார்த்தேன். அது எங்கள் வாசலில் நிறுத்தியிருந்த பைக்கில் மாட்டிக்கொண்டு மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. அதன்மேல் கல் இல்லை.

அப்பாவும் அதைத்தான் பார்த்தார். தெருக்காரர் அல்லவா, ஒழுங்காக நாற்காலியை விட்டு விலகினார். நடுத்தெருவுக்கு வந்தார். அங்கே தண்ணீர் மற்ற இடங்களைப் போலவே பழுப்பாக, அமைதியாக இருந்தது.

அம்மா எழுந்து, "வராதீங்க! நில்லுங்க!" என்று கத்தினாள். இரண்டு கையையும் ஆட்டினாள். மழை ஓசையில் அவருக்கு என்ன கேட்டதோ, சீக்கிரம் வரச்சொல்கிறாள் என்று நினைத்து நடையை எட்டிப் போட்டார். நானும் கத்தினேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

எதிர்ப்படியிலிருந்து ரோஸி அத்தையின் குரல் வந்தது.

"யோவ் அந்தோணி! குடிகாரப் பயலே!"

அப்பா நின்றார். இதை மட்டும் எந்த மழையும் மறைக்கவில்லை. மெதுவாக அவள் பக்கம் திரும்பினார்.

"இன்னா சொன்ன?"

"குடிகாரன்னேன்! ஒரு அடி எட்த்து வெச்சின்னா பாரு, உள்ள பூடுவ! உன் முன்னாலதான்யா கீது மேன்ஹோலு!"

அப்பா குனிந்து பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. குடையை முன்னால் நீட்டிக் குத்தினார். குடை தட்டவே இல்லை. பிடிவரைக்கும் போய், கையிலிருந்து நழுவி, அதுவும் உள்ளே போய்விட்டது.

அவர் சுவரோரமாக வந்து படியில் உட்கார்ந்தபோது அம்மா அவர் தலையைத் துவட்டினாள், அடிப்பதுபோல. ரோஸி அத்தை தண்ணீரில் இறங்கி வந்து எதிரில் நின்றாள். அழுதுகொண்டிருந்தாள்.

"நீ குடிக்கமாட்டன்னு எனுக்குத் தெர்யாதா அந்தோணி? வேற எத்த சொன்னாலும் நீ நிக்கமாட்டியே, இன்னா பண்றது?"

அப்பா அம்மாவின் கையிலிருந்து துண்டை வாங்கி அவளிடம் நீட்டினார். பிறகு, "இந்த வருசம் ஸ்டார கொஞ்சம் தள்ளிக் கட்றேன்" என்றார்.

நாற்காலியின் மேலிருக்க வேண்டிய அம்மிக்கல்லை யாரோ ஃபிரிட்ஜுக்கு முட்டுக்கொடுக்க எடுத்துப் போயிருந்தார்கள். யார் என்று தெருவில் ஒருவரும் கேட்கவில்லை. எல்லோர் வீட்டு ஃபிரிட்ஜும் உயரத்தில்தான் இருந்தது.

நான் இன்னும் அதே வீட்டில்தான் இருக்கிறேன். இப்போது தெருவை உயர்த்திக் கான்கிரீட் போட்டுவிட்டார்கள். ஓரத்தில் புதிய மழைநீர் வடிகால் ஓடுகிறது. நடுவிலிருந்த மேன்ஹோல் அடியில் எங்கோ புதைந்துவிட்டது. எச்சரிக்கை வேண்டுமென்றால் கைப்பேசியில் வருகிறது. "தயவுசெய்து" என்றுகூடச் சொல்கிறது. நான் படித்துவிட்டு அழித்துவிடுகிறேன். அப்பா போய்ச் சில வருடங்களாகின்றன. நெஞ்சு நின்றுபோனது தண்ணீரில் இல்லை, படுக்கையில். வடிகாலுக்கு இடம் வேண்டுமென்று ரோஸி அத்தையின் வீட்டைக் காலி செய்யச் சொல்லி, நகரத்துக்கு வெளியே அடுக்குமாடியில் எட்டாவது தளத்தில் இடம் கொடுத்துவிட்டார்கள்.

நேற்று வீட்டுக்கு வந்ததும் அவளை அழைத்தேன். அங்கே தண்ணீர் வந்ததா என்று கேட்டேன்.

"இங்க தண்ணியும் வர்ல, ஆளும் வர்ல கண்ணு. யாரத் திட்றது? லிப்ட்டயா?"

கான்கிரீட்டில் மேன்ஹோல் இருந்த அடையாளம் எதுவும் இல்லை. ஆனாலும் நல்ல வெயிலில்கூட, நடுத்தெருவில் அந்த ஓரிடத்தை விட்டு விலகித்தான் நடக்கிறேன். புதிதாகக் குடிவந்தவர்கள் பால்கனியிலிருந்து பார்க்கிறார்கள். இந்தப் பெண் ஏன் ஒன்றுமில்லாத இடத்தில் வளைந்து போகிறாள் என்று நினைப்பார்களோ என்னவோ, ஒருவரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை.