அரிசி மாவில் போட்ட விதை

கையெழுத்து மோசமாக இருக்கிறது என்று பிள்ளைகளைத் திட்டுகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். முதலில் அந்தப் பிள்ளை உட்கார்ந்திருக்கும் இடத்தைப் போய்ப் பாருங்கள். சித்தூரிலும் திருப்பதியிலும் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்க் கையெழுத்துச் சொல்லிக்கொடுக்கிறவள் நான். தெலுங்கு, இங்கிலீஷ், கேட்டால் தமிழும். பெஞ்சு ஆடினால் எழுத்தும் ஆடும். வெளிச்சம் இல்லாவிட்டால் பிள்ளை நோட்டில் மூக்கை வைத்துக்கொண்டு எழுதும். தோள் ஏறும், விரல் இறுகும், எழுத்து நசுங்கும். இதைச் சொன்னால் ஹெட்மாஸ்டர்கள் நல்ல பேனா எதுவென்று கேட்பார்கள்.

சித்தூரில் ஒரு பெண்கள் பள்ளியில் ஆறாம் வகுப்பு. அறைக்கு ஒரே ஜன்னல். கிழக்கு பார்த்த பெரிய ஜன்னல், ஆனால் மூடிக் கிடந்தது. முதல் நாள் போனதும் திறந்தேன். மொத்த வகுப்பும் கத்தியது.

"மூடுங்க மேடம்! கப்பு தாங்காது!"

வெளியே ரோடு வரைக்கும் ஒரு துண்டு நகராட்சி நிலம். யாரும் கவனிக்காத இடம் என்பதால் எல்லார் வீட்டுக் குப்பையும் அங்கேதான். கோழிக்கடை இறகு, கல்யாண மண்டபத்து எச்சில் இலை, டயப்பர். போதாததற்கு, சுவரைக் கண்டால் எங்கள் ஊர் ஆண்களுக்கு ஒரே ஒரு எண்ணம்தான் வரும். ஜன்னலை மூடினேன். நாற்பது வாட்ஸ் குழல் விளக்கு ஒன்று மினுக்கிக்கொண்டிருந்தது. கடைசி பெஞ்சுப் பிள்ளையின் நெற்றி நோட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. இந்த இருட்டில் நான் யாருக்கு என்ன சொல்லிக்கொடுப்பது?

அப்போது நான் ஞாயிற்றுக்கிழமைகளில் திருப்பதியில் ஒரு கூட்டத்தோடு சேர்ந்து மேம்பாலத்தடியில் செடி வைத்துக்கொண்டிருந்தேன். எல்லாருக்கும் ஒரே நிற டீ-ஷர்ட். செடியை விட போட்டோ அதிகம். அடுத்த வாரம் தண்ணீர் ஊற்ற வந்து நிற்பது நானும் சித்தூர்க்காரரான ஒரு ரிட்டயர்டு பஸ் கண்டக்டரும் மட்டும்தான். அவரிடம் சொன்னேன்: "சார், இங்க பாலத்துக்குப் பூ வெச்சது போதும். நம்ம ஊர்ல ஒரு ஜன்னல் இருக்குது, வாங்க."

வந்தார். குப்பையை அள்ளினோம். எட்டாம் வகுப்பு, ஆறாம் வகுப்புப் பிள்ளைகளும் கையில் பிளாஸ்டிக் கவரை மாட்டிக்கொண்டு வந்தார்கள். அடியில் இருந்த மண் கறுப்பாக, பிசைந்த ராகி மாவு மாதிரி இருந்தது. அத்தனை அசிங்கத்துக்கு அடியில் அப்படி ஒரு மண்.

மறுபடியும் யாரும் கொட்டாமல் இருக்க என்ன செய்வது? கண்டக்டர் ஊரில் எல்லாரும் செய்வதைச் சொன்னார். "முருகர், ஏசு, மெக்கா. மூணு டைல்ஸ் வாங்கி வரிசையா சுவத்துல ஒட்டிடலாம்மா. எவனும் ஜிப்புல கை வெக்க மாட்டான்."

"சாமிக்கு வேற வேல இல்லையா சார்? மூத்திரத்துக்குக் காவல் நிக்கணுமா?"

"அப்ப நீயே நில்லு."

இந்த நேரத்தில்தான் நகராட்சி சானிட்டரி இன்ஸ்பெக்டர் பைக்கில் வந்து இறங்கினார். இடம் சுத்தமாகிவிட்டதில் அவருக்கு மகா சந்தோஷம். அந்த வார்டின் பெரிய குப்பைத் தொட்டிகளை வைக்க இடம் தேடிக்கொண்டிருந்தாராம். "மீரே, நீங்களே கிளீன் பண்ணிக் குடுத்துட்டீங்க, தேங்க்ஸ் மேடம்."

கத்தினேன். அவர் கத்தவில்லை. வருகிற மழை விட்டதும் வந்து சுண்ணாம்புக் கோடு போடுவோம், அதற்குள் இது தோட்டம் என்று கண்ணுக்குத் தெரிந்தால் யோசிக்கலாம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். தொட்டி வந்தால் ஜன்னல் மறுபடி மூடும். அவ்வளவுதான் விஷயம்.

சீக்கிரம் முளைப்பது கீரை. நான் கையெழுத்துக்காரி, என் புத்தி எங்கே போகும்? "இங்கே குப்பை போடாதீர்கள்" என்று தெலுங்கில், ரோட்டிலிருந்து படிக்கிற அளவுக்குப் பெரிதாக, சிவப்புத் தண்டுக்கீரையால் எழுதிவிடுவது என்று முடிவு செய்தேன். "கீரைக்கு எதுக்கும்மா கையெழுத்து?" என்றார் கண்டக்டர். நான் காதில் வாங்கவில்லை.

மண்ணில் வெறும் விரலால் இழுத்தால் வளைவு நிற்கவில்லை. அதனால் வாசலில் கோலம் போடுவதுபோல முதலில் மாவில் எழுதி, மாவின் மேலேயே விதையைத் தூவச் சொன்னேன். ஒரு பிள்ளை கடைக் கோலப்பொடி கொண்டுவந்தது. "கல்லுப்பொடி எதுக்குடி மண்ணுல? அரிசி மாவு கொண்டா" என்று விரட்டினேன். கொண்டுவந்தார்கள். அன்று அவர்கள் எழுதியதைச் சொல்ல வேண்டும். நோட்டில் கோணிக்கொண்டு போகிற கைகள், இடுப்பை வளைத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் மாவை ஒழுகவிட்டு, முழு வளைவையும் ஒரே இழுப்பில் போட்டன. எழுத்தின் தலையில் வைக்கும் சின்ன தலைக்கட்டுகூட ஒன்றும் தப்பவில்லை. அதன்மேல் விதையைத் தூவி, மண்ணைப் பட்டும் படாமல் மூடினோம்.

மழை பெய்தது. நாட்கள் போயின. எழுதிய இடத்தில் ஒரு முளைகூட இல்லை. தள்ளி அங்கங்கே நாலு இலை, எழுத்தும் இல்லை, ஒன்றும் இல்லை.

விதைக்கடைக்காரனைத் திட்டினேன். மழையைத் திட்டினேன். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற பிள்ளைகளில் ஒருத்தி மெதுவாகச் சொன்னாள்.

"எறும்பு தூக்கினு போய்டுச்சி மேடம். மாவு துன்ன வந்துச்சி, வெதையும் எடுத்துக்கினு போய்டுச்சி. அன்னிக்கே பாத்தேன்."

"ஏண்டி அன்னிக்கே சொல்லல?"

"நீங்க கத்துவீங்க."

கண்டக்டர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "எறும்புக்குப் பந்தி போட்டுட்டு, எலைய காணோம்னு தேடுறியேம்மா!"

"மேடம், கீழ பாருங்க" என்றாள் அதே பிள்ளை. கம்பி வழியாகக் கையை விட்டு ஜன்னலுக்கு நேர் கீழே காட்டினாள்.

வெளியே சுற்றிக்கொண்டு போய்ப் பார்த்தேன். சுவரோரமாக எறும்புப் புற்று. அதன் வாயைச் சுற்றி, ஒரு ஆள் சம்மணம் போட்டு உட்காரும் அகலத்துக்கு, சிவப்பு வட்டம். தண்டுக்கீரை முளைகள், ரோஸ் நிறத் தண்டோடு, ஒன்றோடொன்று தோள் இடித்துக்கொண்டு நின்றன. புற்றிலிருந்து எங்கள் எழுத்து இருந்த இடம் வரைக்கும், வழியில் தவறவிட்ட விதைகள் முளைத்து ஒரு மெல்லிய கோடு வளைந்து வளைந்து வந்தது. நான் மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். எறும்புகள் இன்னும் போய்க்கொண்டிருந்தன. ஒன்று தன் தலையைவிடப் பெரிய உமியைத் தூக்கி வந்து வட்டத்தின் விளிம்பில் போட்டுவிட்டுத் திரும்பியது. யாரும் கோடு போட்டுத் தரவில்லை, யாரும் அதட்டவில்லை. இத்தனை வருடம் பிள்ளைகளின் கையைப் பிடித்துச் சுழித்துச் சுழித்து நான் போடவைத்த வட்டம் எதுவும் இந்த அழகில் இல்லை. பிள்ளைகள் பயந்துபோய், "மேடம், அழுவுறீங்களா?" என்றார்கள். "போங்கடி" என்றேன்.

இன்ஸ்பெக்டர் வந்தார். கூடவே சுண்ணாம்புக் கூடையோடு ஒரு ஆள். "எக்கட மேடம் தோட்டம்?" என்று எங்கே எங்கே எனச் சுற்றிப் பார்த்தார். காட்ட என்னிடம் எழுத்து இல்லை. "சரி, சுவத்துல இருந்து லைன் ஸ்டார்ட் பண்ணு, நேரா போடு" என்று அந்த ஆளிடம் சொல்லிக்கொண்டே, இடத்தைக் காட்ட அவரே முன்னால் நடந்தார். ஜன்னலிலிருந்து மொத்த வகுப்பும் கூவியது.

"சார்! எறும்பு! மிதிக்காதீங்க சார்!"

தூக்கிய ஷூ அந்தரத்தில் நின்றது. ஒற்றைக் காலில் தள்ளாடி, கண்டக்டரின் தோளைப் பிடித்து, எட்டித் தாண்டினார். பிள்ளைகள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. குனிந்து வட்டத்தைப் பார்த்தார்.

"இது யார் போட்டது?"

"அதுங்களே போட்டுக்கினுச்சி சார்" என்றாள் அந்தப் பிள்ளை. மாவு கதையை ஒன்றுவிடாமல் சொன்னாள், நான் திட்டியதையும் சேர்த்து.

சுண்ணாம்புக்காரன் கூடையைச் சாய்த்தான். "ஆகு, ஆகுரா! நிறுத்து!" என்று இன்ஸ்பெக்டர் பதறினார். "சுண்ணாம்பு பட்டா அவ்ளோதான், எல்லாம் செத்துப்போகும். எங்க வீட்ல அமாவாசைக்கு எறும்புக்குச் சக்கர போடுவோம். நான் போயி புத்து மேல குப்பத்தொட்டி வெக்கறதா?" பிறகு என் பக்கம் திரும்பாமல் சொன்னார்: "அந்தக் கோடில, டிரான்ஸ்பார்மர் கிட்ட வெச்சுக்கலாம்."

அவரைத் திட்ட நான் தயாராக வைத்திருந்த வார்த்தைகள் அத்தனையும் அப்படியே மிச்சம்.

தொட்டிகள் அந்தக் கோடியில் வந்துவிட்டன. தெற்குக் காற்று அடித்தால் நாற்றம் இன்னும் வரும். பிள்ளைகள் மூக்கைச் சுளிப்பார்கள், ஆனால் எழுந்து போய் ஜன்னலை மூடுவதில்லை. கடைசி பெஞ்சுப் பிள்ளை இப்போது நிமிர்ந்து உட்கார்ந்து எழுதுகிறது. போன வாரம் வகுப்பு நடுவில், புற்றைக் காட்டிய அதே வாயாடி கத்தினாள்.

"மேடம், எறும்பு முட்டை தூக்கினு போவுது!"

"எழுதுடி" என்று அதட்டிவிட்டு, நான் ஜன்னலுக்குப் போனேன்.